எதிரில் நிற்பவருக்கு அனுப்ப இணையம் எதற்கு?



நமது தொழிலில் சரக்கு கைமாறுவது எவ்வளவு முக்கியமோ, காகிதம் கைமாறுவதும் அவ்வளவு முக்கியம். விலைப்பட்டியல், பில், கணக்குச் சீட்டு, லாரி ரசீது, சரக்கு வந்து சேர்ந்ததற்கான கையொப்பம் என்று ஒரு மூட்டை பருப்புக்குப் பின்னால் நாலைந்து காகிதங்கள் நடக்கின்றன. முன்பு இவை கையிலிருந்து கைக்குப் போயின. வெளியூர்க்காரருக்குத் தபால் கார்டில் விலை எழுதிப் போட்டோம். அவசரமென்றால் தந்தி கொடுத்தோம். அந்தத் தந்திச் சேவையும் 2013 ஜூலையோடு முடிந்துவிட்டது. இன்று இந்தக் காகிதங்களில் பெரும்பகுதி செல்போனுக்குள் வந்துவிட்டது. வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று கைக்குக் கை போன காகிதம் இன்று எந்த வழியாகப் போகிறது என்பதை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லாவுக்கு அந்தப் பக்கம் சில்லறைக் கடைக்காரர் நிற்கிறார். இந்தப் பக்கம் நாம். நடுவில் மூன்றடி மேஜை. அவர் விலைப்பட்டியல் கேட்கிறார். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அது நமது போனிலிருந்து செல்போன் கோபுரத்துக்கு ஏறி, எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் கணிப்பொறிக்குப் போய், அங்கிருந்து திரும்பி, மறுபடியும் கோபுரம் வழியாக இறங்கி, மூன்றடி தள்ளி நிற்பவரின் போனுக்கு வந்து சேருகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான் இது. சிக்னல் நன்றாக இருக்கும் நாளில் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் இந்தச் சுற்று நமக்குத் தெரிவதில்லை. சிக்னல் இல்லாத நாளில்தான் தெரிகிறது. "நெட் கிடைக்கலை அண்ணாச்சி, கடைக்குப் போய்ப் பாருங்க, வந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர் விலை தெரியாமலே கடைக்குப் போகிறார்; வாங்க வந்தவருக்குப் பழைய விலையைச் சொல்கிறார். நஷ்டம் அவருக்கா நமக்கா என்று பிறகு வாக்குவாதம்.

இணையம் இல்லாமலே, ஒரு காசு செலவில்லாமலே, ஒரு போனிலிருந்து பக்கத்தில் உள்ள இன்னொரு போனுக்கு ஃபைலை நேராக அனுப்பும் வசதி நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் போனிலேயே இருக்கிறது. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. அதை நாம் ஒவ்வொருவரும் பழகிக்கொள்ள வேண்டும், பழக்கிக் கொடுப்பதை நமது சங்கங்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நாம் இங்கே வலியுறுத்த விரும்பும் கருத்து.

நெட் நின்ற நாட்கள்

"நெட் எப்போதும்தான் இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்பவர்கள் சில தேதிகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2018 மே 22-ஆம் தேதி நடந்த தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணைய சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. அதன் நியாய அநியாயம் வேறு விஷயம். கடை திறந்து வைத்திருந்தவர்களுக்கு ஆர்டர் வரவில்லை, பில் போகவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினம் - வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லாமல் செல்போன் கோபுரமும் இயங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்கள் துண்டிக்கப்பட்டு நின்றன. அரிசியும் பருப்பும் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் வணிகர்கள் தவித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஊருக்கே சோறு போடுகிறவர்கள் நாம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இயற்கைச் சீற்றமே இல்லாத நாளிலும் கம்பெனியின் கணிப்பொறி நின்றுபோகும். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு வாட்ஸ்அப் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் படுத்துவிட்டது. 2022 அக்டோபர் 25-ஆம் தேதி, அதாவது தீபாவளிக்கு மறுநாள், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேலை செய்யவில்லை. இது தீபாவளிக்கு முந்தின வாரத்தில் நடந்திருந்தால் மொத்தக் கடைகளின் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சிகள்கூட வேண்டாம். கீழ்த்தளத்தில் இருக்கும் குடோனில் சிக்னல் எடுக்காது. கனமான சுவர் எழுப்பிக் கட்டிய பழைய மண்டிகளில் வாசலுக்கு வந்து நின்றால்தான் போன் பேச முடியும். மலைக் கிராமங்களுக்கு லைன் போகும் விற்பனைப் பிரதிநிதி பாதி நாள் தொடர்புக்கு வெளியேதான் இருக்கிறார். திருவிழாக் கூட்டத்தில் கோபுரம் பக்கத்திலேயே இருந்தும் நெட் நகராது. இதெல்லாம் நமது அன்றாட அனுபவம்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதியையும் நினைவூட்ட வேண்டும். அன்றுதான் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டு, பெரும்பாலான சரக்குகள் 5 சதவீதம், 18 சதவீதம் என்ற இரண்டு அடுக்குகளுக்குள் கொண்டுவரப்பட்டன. சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5-க்கு இறங்கின. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. பொழுது விடிவதற்குள் மளிகைக் கடை அலமாரியில் ஏராளமான சரக்குகளுக்கு விலை மாறிவிட்டது. அப்படியொரு நாளில் புதிய பட்டியல் கையில் இருக்கும் கடைக்காரருக்கும் இல்லாத கடைக்காரருக்கும் உள்ள வித்தியாசம், வாடிக்கையாளரிடம் கிடைக்கும் மரியாதையில் தெரிந்துவிடும்.

எப்படி நடக்கிறது?

இரண்டு போன்கள் நேரடியாகப் பேசிக்கொள்வது புதிய சங்கதி அல்ல. ப்ளூடூத் என்பதை ஸ்வீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியில் 1994-ஆம் ஆண்டிலேயே ஆராயத் தொடங்கிவிட்டார்கள். பல கம்பெனிகள் சேர்ந்து அதற்கென ஓர் அமைப்பை 1998-இல் ஏற்படுத்தின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற ராஜாவின் பட்டப்பெயரையே அதற்கு வைத்தார்கள். பட்டன் போன் காலத்தில் நமது பிள்ளைகள் பாட்டும் படமும் மாற்றிக்கொண்டது இதன் வழியாகத்தான். ஆனால் ப்ளூடூத் கைவண்டி மாதிரி. சிறிய சரக்குக்குச் சரி; பெரிய சரக்கென்றால் நேரம் பிடிக்கும். 100 எம்.பி. உள்ள ஒரு வீடியோவை ப்ளூடூத்தில் அனுப்பினால் ஆறேழு நிமிடங்கள் ஆகலாம்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் வைஃபை டைரக்ட் என்னும் முறை. 2010-ஆம் ஆண்டு இது நடைமுறைக்கு வந்தது. இங்கே ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். வைஃபை என்றாலே இணையம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. வைஃபை என்பது தெரு. இணையம் என்பது வெளியூர். வெளியூர் போகும் ரோடு அடைபட்டுக் கிடந்தாலும் நமது கடைக்கும் எதிர்க்கடைக்கும் நடுவில் உள்ள தெருவில் நடமாட எந்தத் தடையும் இல்லை. இரண்டு போன்களும் தங்களுக்குள்ளேயே ஒரு சின்னத் தெருவைப் போட்டுக்கொண்டு சரக்கை மாற்றிக்கொள்கின்றன. கோபுரமும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். அதே 100 எம்.பி. இதில் சில விநாடிகளில் போய்விடும்.

இப்போதைய போன்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பது ப்ளூடூத். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது வைஃபை. புரோக்கரும் சுமைதூக்கும் தொழிலாளியும் போல ஆளுக்கொரு வேலை.

ஐபோனில் இந்த வசதிக்கு ஏர்டிராப் என்று பெயர். 2013 முதல் அதில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு கூகுள் கம்பெனி 2020-இல் நியர்பை ஷேர் என்ற பெயரில் கொண்டுவந்தது. சாம்சங் கம்பெனி தனியாக வைத்திருந்த குயிக் ஷேர் என்பதோடு அதை இணைத்து, 2024 ஜனவரியில் குயிக் ஷேர் என்றே பொதுப்பெயர் சூட்டிவிட்டார்கள். ஆகவே பழைய பெயரைத் தேடிக் காணோமே என்று குழம்ப வேண்டியதில்லை.

செய்முறை

அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவர் போனிலும் ப்ளூடூத்தும் வைஃபையும் ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். வைஃபை எதனோடும் இணைந்திருக்க வேண்டியதில்லை. ஆன் ஆகியிருந்தால் போதும். சில போன்களில் லொகேஷனையும் ஆன் செய்யச் சொல்லும்.

பெறுகிறவர் தமது போனைத் திறந்து, குயிக் ஷேர் பகுதியில் யார் தம்மைப் பார்க்கலாம் என்ற இடத்தில் 'எவ்ரிஒன்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து நிமிடங்களுக்கு மட்டும் என்ற வசதி அதிலேயே இருக்கிறது. அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

அனுப்புகிறவர் பில்லையோ விலைப்பட்டியலையோ திறந்து, ஷேர் அடையாளத்தைத் தொட்டு, குயிக் ஷேர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் உள்ள போன்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். உரியவர் பெயரைத் தொட வேண்டும். எதிரில் இருப்பவர் போனில் 'ஏற்றுக்கொள்கிறீர்களா' என்று கேட்கும். அவர் சம்மதம் தந்தவுடன் ஃபைல் போய்விடும். வந்த ஃபைல் 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். ஐபோன் வைத்திருக்கும் இருவருக்கும் இதே முறைதான். பெயர் மட்டும் ஏர்டிராப்.

நடைமுறையில் வரும் சிறு சிக்கல்களையும் சொல்லிவிடுகிறோம். போனுக்குக் கம்பெனி வைத்த பெயர் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். பத்துப் பேர் நிற்கும் கடையில் எது யாருடையது என்று தெரியாது. ஆகவே செட்டிங்ஸ் பகுதியில் போனின் பெயரைக் கடையின் பெயராக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் போர்டு மாட்டுவது போலத்தான் இதுவும். இரண்டு போன்களும் ஒரே அறையில், சில அடி தூரத்துக்குள் இருந்தால் வேலை சுத்தமாக முடியும். நடுவில் சுவரோ மூட்டை அடுக்கோ வந்தால் தடுமாறும். கம்ப்யூட்டரில் போட்ட பட்டியலைப் போனுக்குக் கொண்டுவர யு.எஸ்.பி. கேபிளே போதும்.

ஒருவரிடம் ஆண்ட்ராய்டு, இன்னொருவரிடம் ஐபோன் என்றால் இது நீண்ட நாள் கைகூடாமலே இருந்தது. 2025 நவம்பரில் கூகுள் தனது பிக்சல் 10 போனில் குயிக் ஷேர் வழியாக ஏர்டிராப்புக்கு அனுப்பும் வழியைத் திறந்து வைத்தது. எல்லா மாடல்களுக்கும் இது உண்டு என்று எண்ணிக்கொண்டு அவசர நேரத்தில் ஏமாறாமல், தத்தமது போனில் ஒரு முறை சோதித்துப் பார்த்துக்கொள்வது நலம்.

நமது தொழிலில் எங்கெல்லாம் உதவும்?

விலைப்பட்டியல் முதல் உதாரணம். இரண்டாவது, பாக்கிக் கணக்கு. சில்லறைக் கடைக்காரர் நேரில் வரும்போதே அவருடைய கணக்கு நகலை அவர் போனில் ஏற்றிவிட்டால், "அந்த ரசீது எனக்கு வரவில்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை.

மூன்றாவது, லாரி. ஈ-வே பில் எடுப்பதற்கு இணையம் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் எடுத்த பிறகு அதை ஓட்டுநரிடம் சேர்ப்பதற்கு இணையம் வேண்டியதில்லை. குடோனுக்குள் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் போனுக்கு நேராக மாற்றிவிடலாம். பில்லின் அச்சு நகலை வழக்கம் போல் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்; அதை விட்டுவிடக் கூடாது.

நான்காவது, படம். வந்த மிளகாய் வற்றலில் நிறம் போயிருக்கிறது, துவரம்பருப்பில் வண்டு விழுந்திருக்கிறது என்றால் உடனே படம் எடுக்கிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடுகிறார்கள், நுணுக்கம் போய்விடுகிறது. நேரடியாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும். புகார் சொல்லும்போது இது பெரிய பலம்.

ஐந்தாவது, பழைய போனை மாற்றும் நேரம். ரிப்பேர் கடையில் போனைக் கொடுக்கும் முன்பே, அதிலுள்ள பில்களையும் சரக்குப் படங்களையும் வீட்டில் உள்ள இன்னொரு போனுக்கு மாற்றி வைத்துவிடலாம். பத்து வருடக் கணக்கை ஒரே போனில் வைத்துக்கொண்டு அது தண்ணீரில் விழுந்த பிறகு கையைப் பிசைவதால் என்ன பயன்?

நமது கணக்கு யார் கையில்?

வசதியை மட்டும் முன்னிட்டு நாம் இதை எழுதவில்லை. இதில் நமது சுதந்திரமும் அடங்கியிருக்கிறது.

யார் யார் நமது வாடிக்கையாளர்கள், யாருக்கு எவ்வளவு கடன், எந்தச் சரக்கு எந்த விலைக்கு யாரிடமிருந்து வருகிறது என்ற விவரம்தான் வியாபாரியின் உண்மையான முதல். குடோனில் இருக்கும் சரக்கு தீப்பிடித்தால் மறுபடி வாங்கலாம். இந்த விவரம் கைமாறினால் திரும்ப வராது. அந்தக் காலத்தில் பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் முதலாளி வீட்டுக்குப் போவார். வழிப்போக்கன் ஒருவன் வந்து, "ஐயா, நான் சும்மாவே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், பேரேட்டை என்னிடம் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுப்போமா? இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக, யார் நடத்துகிறார் என்றே தெரியாத ஆப்களைப் போனில் ஏற்றி, அவை கேட்கும் போன் நம்பர்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கொடுப்பது கிட்டத்தட்ட அதே காரியம்தான்.

இதற்கு நம் கண்முன்னே ஒரு பாடம் நடந்தது. ஃபைல் மாற்றுவதற்கென்றே ஷேர்இட், ஜென்டர் என்ற ஆப்கள் நமது ஊர்களில் வெகுவாகப் பரவியிருந்தன. பில்லைப் படம் எடுத்து அனுப்ப கேம்ஸ்கேனர் பல கடைகளில் இருந்தது. 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தபோது இந்த மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றையே நம்பியிருந்தவர்கள் திடீரென்று கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. போனோடு கூடவே வந்த வசதியைப் பழகியிருந்தவர்களுக்கு அந்த இடைஞ்சல் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வாட்ஸ்அப்பைக் குறை கூறுவது நமது நோக்கமல்ல. 2016 முதல் அதில் செய்திகளைப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். வெளியூர் வியாபாரத்துக்கு அதுபோல் உதவுவது வேறில்லை. தொலைவில் உள்ளவருக்கு அது. எதிரில் உள்ளவருக்கு இது. எடை போட மேஜைத் தராசும் வேண்டும், மூட்டைக்கு மேடைத் தராசும் வேண்டும் என்பது போலத்தான்.

எச்சரிக்கையும் வேண்டும்

நல்ல கருவி எதுவானாலும் அதற்குரிய பத்தியம் உண்டு.

கடையில் நிற்கும் கூட்டத்திலிருந்து யாரோ ஒரு ஃபைலை அனுப்பினால், யார் என்ன என்று தெரியாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. 'எவ்ரிஒன்' என்பதை நாள் முழுவதும் திறந்து வைப்பது, கல்லாவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம். வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும்.

வந்த ஃபைலின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது பில்லும் அல்ல, பட்டியலும் அல்ல. போனுக்குள் குடியேறும் ஆப். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத நோட்டீஸ் என்ற பெயர்களில் இப்படிப்பட்டவற்றை அனுப்பி, போனைக் கைப்பற்றி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடிகள் நாடு முழுவதும் நடந்துவருகின்றன. எந்த வழியாக வந்தாலும், யார் கொடுத்தாலும் ஏ.பி.கே. ஃபைலைத் திறக்கவே கூடாது. மோசடி நடந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும்.

சில போன்களில் இதே பகுதியில் 'லிங்க்' உருவாக்கி அனுப்பும் வசதியும் இருக்கும். அது இணையம் வழியாகப் போவது. ஃபைல் கம்பெனியின் கணிப்பொறியில் போய்த் தங்கும். நாம் சொல்வது அதை அல்ல.

வணிகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு அனுப்பினோம் என்பது இருவர் போனிலும் உரையாடலாக நின்றுவிடுகிறது. நேரடியாக மாற்றும்போது அப்படித் தெளிவான அத்தாட்சி நிற்பதில்லை. ஆகவே பாக்கிக் கணக்கு, விலை மாற்றம், சரக்குத் திருப்பி அனுப்புதல் போன்ற பின்னால் வழக்கு வரக்கூடிய விஷயங்களில், ஃபைலை மாற்றிய கையோடு நோட்டில் தேதி எழுதி ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும். போன் வந்துவிட்டது என்பதற்காகக் கையெழுத்தை விட்டுவிடலாகாது.

வயது ஒரு தடையா?

"இதெல்லாம் பையன் பார்த்துக்கொள்வான்" என்று நமது வயதை ஒத்த வணிகர்கள் சொல்வதைக் கேட்கிறோம். பையன் பார்த்துக்கொள்ளட்டும், மறுக்கவில்லை. ஆனால் பையன் லீவு போட்ட அன்று விலைப்பட்டியல் அனுப்ப முடியாமல் முதலாளி உட்கார்ந்திருந்தால், அந்தக் கடையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். போனின் ரகசிய எண்ணைக் கடைப் பையனிடம் சொல்லி வைத்துவிட்டு, பணப் பரிமாற்றமும் அதே போனில் நடத்துகிற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அதிலுள்ள ஆபத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறை நாம். பிறகு எஸ்.டி.டி. வந்தது, பேக்ஸ் வந்தது, கம்ப்யூட்டர் பில் வந்தது. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது நமது கதை முடிந்தது என்று பேசியவர்கள் உண்டு. கற்றுக்கொண்டோம், கடை நடத்துகிறோம். அவ்வளவையும் கற்ற நமக்கு இந்த நாலு தொடுதலைக் கற்பது பாரமாகாது.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

நமது வணிகர் சங்கங்களுக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். மேடையில் ஒருவர் பேசுவதால் பயனில்லை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் அனுப்ப, மற்றவர் பெற, பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். கை பழகினால்தான் மனம் துணியும். இளைஞர் அணியினர் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கடை நடத்தும் சகோதரிகளையும் அழைக்க வேண்டும்.

உறுப்பினர்களின் பெயர், கடை, தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியலை ஒரே ஃபைலாகத் தயாரித்து, கூட்டத்துக்கு வந்தவர்களின் போனில் நேராக ஏற்றிவிடலாம். மழைக்காலம் தொடங்கும் முன்பு, யார் குடோன் மேட்டில் இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யாரிடம் படகுக்கும் டிராக்டருக்கும் தொடர்பு இருக்கிறது என்ற விவரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

அவசர காலத்தில் சங்கத்தின் சுற்றறிக்கை எப்படிப் போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும். தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கலாம். தலைவர் பத்துப் பேருக்குக் கொடுத்தால், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துக் கடைக்குக் கொடுத்தால் நூறு. அந்த நூறும் ஆளுக்குப் பத்து என்றால் ஆயிரம். மூன்று கை மாறுவதற்குள் ஆயிரம் கடைகளுக்கு ஒரே அறிவிப்பு, ஓர் எழுத்துக்கூட மாறாமல் போய்ச் சேரும். வாய்வழியாகச் சொன்னால் தெருமுனை தாண்டுவதற்குள் செய்தி திரிந்துவிடும். வதந்தியால் பதுக்கல், பதுக்கலால் விலையேற்றம், விலையேற்றத்தால் பழி நமது தலையில். இதைத் தடுக்கும் வழி இது. போனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதற்கு ஒரு பவர் பேங்கைக் கடையில் எப்போதும் நிரப்பி வைத்திருக்க வேண்டும்.

பெரிய பெரிய கம்பெனிகள் கணிப்பொறியை முன்னால் வைத்துக்கொண்டு நமது வாடிக்கையாளரின் வீட்டுக் கதவைத் தட்டும் காலம் இது. அவர்களிடம் இல்லாதது ஒன்று நம்மிடம் இருக்கிறது. வாடிக்கையாளர் நம் எதிரில் நிற்கிறார். முகம் தெரியும், பெயர் தெரியும், அவர் அப்பாவையும் தெரியும். அந்த அருகாமைதான் நமது பலம். அருகில் நிற்பவரோடு நேராகக் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு வந்திருக்கும் இந்தக் கருவி நமக்கென்றே செய்தது போல அமைந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, எதிர்க்கடைக்காரருக்கு ஒரு பில் கொடுப்பதற்குக்கூட எங்கோ இருக்கும் கம்பெனியின் தயவை எதிர்பார்த்து நிற்பது நமது தொழிலுக்கு அழகல்ல.

ஆகவே, அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர் ஒவ்வொருவரும் தமது போனை முழுமையாகச் சார்ஜ் செய்து, அதில் கடையின் பெயரை ஏற்றி எடுத்துவருமாறு கேட்டுக்கொள்கிறோம். முதலில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கைமாற்றிக்கொள்வோம். மற்றவற்றைக் கடைக்குப் போய் அவரவர் பழகிக்கொள்ளலாம்.